தேங்காய்ச் சட்னியில் கலந்த மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் முசிறியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடை திறந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து உங்கள் நாளிதழ்தான் வாங்குகிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பேப்பரைக் கல்லா மேல் போட்டுவிட்டுத்தான் ஊதுபத்தி ஏற்றுவேன். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வாசகியர் குறிப்புகள் பகுதியில் வந்த ஒன்றைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. குடிக்கிற கணவரைத் திருத்த மெடிக்கலில் ஒரு மாத்திரை கிடைக்கிறது, அதைப் பொடித்து அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவந்தால் ஒரே மாதத்தில் குடியை வெறுத்துவிடுவார் என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். சிறந்த குறிப்பு என்று பரிசும் கொடுத்திருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் என் கடைக்கு இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் அந்தத் துண்டைக் கத்தரித்து, நாலாக மடித்து, பர்சுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். கடையில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணே, இதுல போட்டிருக்கிற மாத்திரை இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பெயரை மட்டும் வெளியிடாதீர்கள். என் அக்கா வீட்டுக் கதை இதில் வருகிறது.

மாத்திரையின் பெயர் டைசல்பிரம். 250 மில்லிகிராம், வெள்ளை நிறம். எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் புழக்கத்தில் உள்ள நல்ல மருந்துதான். டாக்டர் சீட்டோடு வருபவர்களுக்கு நானே மாதாமாதம் கொடுக்கிறேன். "தெரியாமல்" என்று அந்தக் குறிப்பில் இருந்ததே ஒரு வார்த்தை, அதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

2016 பங்குனியில் என் அக்காவும் இதையேதான் கேட்டாள். மாமா கொத்தனார். கை சுத்தம், வேலை சுத்தம், சாயங்காலம் ஆனால் கடை வாசல். அக்காவின் தோடு மூன்றாவது முறை அடகுக்குப் போயிருந்தது. அடியும் உண்டு. அதை அவள் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை, முழங்கைக்கு மேல் புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வதைப் பார்த்தே தெரிந்துகொள்வோம். அந்தப் பங்குனியில் மாமா சமயபுரத்துக்கு மாலை போட்டிருந்தார். மாலை கழுத்தில் இருக்கிறவரை தொடமாட்டார். "மாலையைக் கழட்டின அன்னைக்கே மறுபடி ஆரம்பிச்சிருவாருடா தம்பி. அதுக்குள்ள ஏதாச்சும் குடு" என்று கடைக்கு வந்து நின்றாள். நான் இரண்டு அட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, மாமாவிடம் ஒரு வார்த்தை இல்லை. பி.பார்ம் படித்தவன் நான். அந்த மருந்தை அப்படிக் கொடுக்கக்கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கூடப்பிறந்தவள் அழுதுகொண்டு நிற்கும்போது படித்தது ஞாபகத்துக்கு வரவில்லை.

அக்கா முதலில் ரசத்தில் போட்டுப் பார்த்திருக்கிறாள். டைசல்பிரம் தண்ணீரில் கரையாது. வெள்ளை வெள்ளையாக மேலே மிதந்திருக்கிறது, பயந்துபோய்க் கொட்டிவிட்டாள். அப்புறம் தேங்காய்ச் சட்னியைக் கண்டுபிடித்தாள். வெள்ளையில் வெள்ளை தெரியாது, லேசான கசப்பை பச்சை மிளகாய் மறைத்துவிடும். சின்ன இடிகல்லில் மாத்திரையைப் பொடித்து, மாமாவுக்கென்று தனிக் கிண்ணத்தில் சட்னி எடுத்து அதில் கலந்துவிடுவாள். பொடி முழுக்க உள்ளே போனதா, பாதி கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டதா, யாருக்குத் தெரியும்? ஒருநாள் பையன் ஓடிவந்து அந்தக் கிண்ணத்தில் இட்லியைத் தோய்க்கப் போயிருக்கிறான். அவன் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கியபோது தன் கை நடுங்கியதை அவள் எனக்குச் சொன்னது இரண்டு வருடம் கழித்துத்தான்.

சித்திரைத் தேர் முடிந்தது. மாமா மாலையைக் கழற்றினார். குடிக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். அவர் கோயிலில் சத்தியம் செய்திருந்தார், அது எங்களுக்குத் தெரியாது. மாத்திரைதான் வேலை செய்கிறது என்று அக்கா நினைத்தாள், நானும் நினைத்தேன். வைகாசியில் ஒரு வியாழக்கிழமையோடு அவள் மாத்திரையை நிறுத்தினாள். "நல்லாத்தானே இருக்காரு, இனிமே எதுக்கு" என்று தோன்றியிருக்கிறது. அடுத்த புதன்கிழமை சொந்தத்தில் ஒரு காதுகுத்து, குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் பங்காளிகள் நாலு பேர் பிடித்து உட்காரவைத்து, ஒரே ஒரு கட்டிங் என்று கையில் திணித்திருக்கிறார்கள். இரண்டு மாதம் தொடாத மனுஷன் அந்தத் தொண்ணூறு மில்லியைக் குடித்தார்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கருத்த முகம் செம்பு நிறமாக மாறியிருக்கிறது. காதுமடல் கனன்று, கண் சிவந்து, கழுத்து நரம்பு துடிதுடித்திருக்கிறது. வாந்தி, வியர்வை. "நெஞ்சுல யாரோ ஏறி மிதிக்கிறாப்ல இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாய்ந்துவிட்டார். சரக்கில்தான் ஏதோ கோளாறு என்று ஒருவர் கத்தினார். அதே பாட்டிலில் குடித்த மற்ற மூன்று பேர் கல்லு மாதிரி நின்றார்கள். சரி, இது நெஞ்சுவலிதான் என்று இன்னொருவர் முடிவுசெய்து, தன் சட்டைப்பையில் வைத்திருந்த சார்பிட்ரேட்டை எடுத்து மாமாவின் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் சார்பிட்ரேட் ரத்தக்குழாயை விரித்து ரத்த அழுத்தத்தை இறக்கும். மாமாவுக்கு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அழுத்தம் 70க்கு 40. அட்டாக் என்று நினைத்து இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தார்கள். டூட்டி டாக்டர் சின்ன வயசு. அக்காவிடம் மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாராம்மா?" அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். பொய் சொல்லவேண்டும் என்பதல்ல. நிறுத்தி ஆறு நாள் ஆகிவிட்டதே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உண்மையாகவே நினைத்திருக்கிறாள். சுற்றிலும் மாமாவின் அண்ணன் தம்பிகள் வேறு நின்றார்கள். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. டாக்டரை ஓரமாக அழைத்துப்போய் நான் சொன்னேன்: டைசல்பிரம், 250, கிட்டத்தட்ட இரண்டு மாதமாக, அவருக்குத் தெரியாமல். அட்டையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான் என்றேன். அவர் ஒரு வினாடி என் முகத்தைப் பார்த்தார், திட்டவில்லை. திரும்பிப்போய் சலைனை வேகமாக ஏற்றச் சொன்னார், ஆக்சிஜன் வைத்தார், விடியவிடியப் பக்கத்திலேயே இருந்தார். அந்த மருந்தின் வேலையை உடனே முறிக்கிற ஊசி எதுவும் அவரிடம் இல்லை. அழுத்தத்தைப் பிடித்து நிறுத்தி, உடம்பே அதைத் தாண்டிவருகிறவரை காவல் காக்கத்தான் வேண்டியிருந்தது. மாமா பிழைத்துக்கொண்டார்.

நிறுத்தி ஆறு நாள் கழித்து எப்படி என்று உங்கள் வாசகர்களும் கேட்பார்கள். எங்கள் பக்கம் வாய்க்கால் பாசனம், அந்தக் கணக்கிலேயே சொல்கிறேன். குடித்த சாராயம் ஈரலுக்குள் போனதும் இரண்டு மதகு தாண்டவேண்டும். முதல் மதகில் ஒரு நொதி அதை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. இது சாராயத்தைவிடக் கெட்ட விஷம். இரண்டாவது மதகில் இன்னொரு நொதி அந்த விஷத்தைப் பிடித்து, சாதுவான அசிட்டேட்டாக மாற்றி வெளியே அனுப்புகிறது. டைசல்பிரம் இந்தக் கீழ்மதகை அடைக்கிற மருந்து. மேல்மதகு திறந்தபடியே இருக்கும். குடிக்கக் குடிக்க விஷம் வந்துகொண்டிருக்கும், போக வழி இருக்காது. அதே அளவு குடிக்கிற மற்றவர் ரத்தத்தில் இருப்பதைப்போல ஐந்து முதல் பத்து மடங்கு அசிட்டால்டிஹைடு சேர்ந்துவிடும். முகம் சிவப்பது, நெஞ்சு படபடப்பது, அழுத்தம் விழுவது எல்லாம் இந்த விஷத்தின் வேலை.

கீழ்மதகு நொதியைச் செய்வதற்கான குறிப்பு நம் 12ஆவது குரோமோசோமில், ஏ.எல்.டி.எச்.2 என்ற மரபணுவில் இருக்கிறது. ஆல்டிஹைடு வகைப் பொருள்களை உடைக்கிற நொதிகளுக்கென்று மனித உடம்பில் 19 மரபணுக்கள் இருக்கின்றன. குடி விஷயத்தில் அதிக பாரம் சுமப்பது இந்த ஒன்றுதான். ஐந்நூறு அமினோ அமிலங்கள் மணிமாலைபோலக் கோத்த ஒரு சங்கிலி, அப்படி நான்கு சங்கிலிகள் சேர்ந்தால் ஒரு நொதி. அந்த மாலையில் 302ஆவது மணி சிஸ்டீன். அதிலுள்ள கந்தகம்தான் ஆல்டிஹைடைப் பிடிக்கிற கை. டைசல்பிரம் உடம்புக்குள் போய்ச் சிதைந்ததும் அந்தத் துண்டுகள் நேராக இந்தக் கையில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டினால் ஒட்டினதுதான், பிரியாது. பழைய நொதி போய், ஈரல் புதிதாகச் செய்து முடித்தால்தான் மதகு மறுபடி திறக்கும். அதற்கு இரண்டு வாரம்வரை ஆகலாம். மாத்திரையை வியாழக்கிழமை நிறுத்திய அக்காவுக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டும்.

போன பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த பையன் ஒருவன் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் சீனர் அரை டம்ளர் பியருக்கே பழம்போலச் சிவந்துவிடுகிறார், அவருக்கு ஏதும் வியாதியா என்று கேட்டான். வியாதி இல்லை. அதே மரபணுவில் ஓர் எழுத்து மாறிப் பிறந்திருக்கிறார். சங்கிலியில் 487ஆவது மணி குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசினாக மாறிவிடுகிறது, நொதி வலுவிழக்கிறது. நான்கு சங்கிலிகள் சேரும் இடத்தில் ஒன்று கெட்டாலும் மற்றவற்றையும் அது இழுத்துக் கெடுத்துவிடும். சீனா, ஜப்பான், கொரியா பக்கம் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த மாற்றம் இருக்கிறது. உலகம் முழுக்க ஐம்பது கோடிப் பேருக்கு மேல். நம் ஊர்ப்பக்கம் மிக அரிது. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மாறிய பிரதியையே வாங்கிப் பிறந்தவர்களால் குடிக்கவே முடியாது. 1990களில் ஜப்பானில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடிநோயாளிகளைச் சோதித்தபோது அப்படி ஒருவர்கூட அவர்களில் இல்லை. பிறவியிலேயே டைசல்பிரம் விழுங்கியவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு பிரதி மட்டும் மாறியவர்களின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். முகம் சிவந்தாலும் பரவாயில்லை என்று பழகிப்பழகிக் குடிப்பவர்கள் அங்கே ஏராளம். அவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் மற்றக் குடிகாரர்களைவிடப் பலமடங்கு அதிகமாக வருகிறது. தேங்கி நிற்கிற அசிட்டால்டிஹைடு மரபுப்பொருளையே அரிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009இல், குடிப்பழக்கத்தோடு வருகிற அசிட்டால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள்களில் சேர்த்தது. மாத்திரையை மீறிக் குடிக்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். கணவருக்கு முகம் மட்டும்தானே சிவக்கும், பயந்து நிறுத்திவிடுவார் என்று நினைக்கிற பெண்கள் இதையும் யோசிக்கவேண்டும்.

இந்த மருந்து குடிக்கென்று பிறந்ததும் இல்லை. ரப்பரைப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் டைசல்பிரம் வகைப் பொருள்களைக் கலப்பார்கள். 1937இல் அமெரிக்காவில் அப்படி ஓர் ஆலையின் டாக்டர், தன் தொழிலாளிகளால் பியர்கூடக் குடிக்க முடியவில்லை என்பதைக் கவனித்து எழுதினார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வருடம் கழித்து டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேகப்சன் என்ற இருவர் குடல்புழுவுக்கு இது மருந்தாகுமா என்று ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி முதலில் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு கொஞ்சம் குடித்தபோதெல்லாம் முகம் சிவந்து தலை வலித்தது. 1948இல் இதைப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஆண்டாப்யூஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த குடி மருந்து இந்த டைசல்பிரம்தான். தொடக்கத்தில் மாத்திரையையும் அளவுக்கு மீறிக் கொடுத்து, டாக்டர் முன்னாலேயே சாராயமும் ஊற்றிக் கொடுத்துப் பயம் காட்டுவார்கள். ஆட்கள் செத்துப்போன பிறகுதான் அளவைக் குறைத்தார்கள். இன்று அந்த மருந்தோடு வரும் எச்சரிக்கையின் முதல் வரியே, போதையில் இருப்பவருக்குக் கொடுக்காதே, நோயாளிக்கு முழுக்கத் தெரியாமல் ஒருபோதும் கொடுக்காதே என்பதுதான். கடைசியாகக் குடித்து பன்னிரண்டு மணி நேரமாவது போகாமல் ஆரம்பிக்கவே கூடாது. ராத்திரி பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு வருகிறவருக்குக் காலை ஏழு மணி இட்லியில் கலந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அப்புறம் இதய நோய் உள்ளவருக்குக் கூடாது. ஈரல் கெட்டவருக்குக் கூடாது, இந்த மருந்தே சிலருக்கு ஈரல் அழற்சி கொண்டுவரும். மனச்சிதைவு உள்ளவருக்குக் கூடாது, மூளையில் டோபமைன் சம்பந்தப்பட்ட இன்னொரு நொதியையும் இது தடுக்கிறது. வயிற்றுப்போக்குக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாக வாங்கிப் போடும் மெட்ரோனிடசோலோடு சேர்ந்தால் சிலருக்குப் புத்தி தடுமாறும். வலிப்பு மாத்திரையான பெனிட்டாயினின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். சாராயம் என்றால் டாஸ்மாக் மட்டும் என்றும் நினைக்கவேண்டாம். சில இருமல் சிரப்பில் இருக்கிறது. செரிமானத்துக்கும் பிரசவ உடம்புக்கும் குடிக்கிற அரிஷ்டங்களில் தானாக ஊறிய சாராயம் இத்தனை சதவீதம் என்று பாட்டிலிலேயே அச்சடித்திருப்பார்கள். தான் மாத்திரையில் இருப்பது தெரிந்தவர் இதையெல்லாம் ஒதுக்குவார். தெரியாதவர் என்ன செய்வார்? சளி பிடித்தால் சிரப் வாங்க என் கடைக்குத்தான் வருவார், நானும் எடுத்துக் கொடுப்பேன்.

இத்தனை ஆபத்து இருந்தாலும் குடி நின்றால் சரிதானே என்று கேட்பவர்களுக்குத்தான் முக்கியமானதைச் சொல்லவேண்டும். தெரியாமல் கொடுத்தால் குடி நிற்பதே இல்லை. டைசல்பிரம் குடிக்கிற ஆசையைக் குறைக்காது. இன்றைக்குக் குடித்தால் உடம்பு தாங்காது என்ற நினைப்புதான் அந்த மருந்தின் பாதி வேலை. 2014இல் இருபதுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. தான் சாப்பிடுவது டைசல்பிரம் என்று நோயாளிக்குத் தெரிந்து நடந்த ஆய்வுகளில் நல்ல பலன் இருந்தது. எந்த மாத்திரை என்று மறைத்து நடத்திய ஆய்வுகளில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: வீட்டில் ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்க, மாத்திரையை விழுங்குகிறவர்களுக்கு அதிகப் பலன். அதாவது மனைவிக்கு இந்த வைத்தியத்தில் பெரிய இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடம் அடுப்படி மறைவில் இல்லை, கணவருக்கு எதிரே இருக்கிறது.

மாமாவுக்கு விஷயம் தெரிந்தது ஆஸ்பத்திரியிலேயே. வீட்டுக்கு வந்த பிறகு அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. அக்கா கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். காலையில் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் இட்லி, மத்தியானம் வேலையிடத்தில் பொட்டலம், ராத்திரி பன். வீட்டுக் குடத்துத் தண்ணீரைத் தொடமாட்டார், அடிபம்பில் தானே அடித்துக் குடிப்பார். அக்கா தட்டைப் போட்டுவைப்பாள், எடுத்துவைப்பாள். இரண்டரை மாதம். குடியையும் அடியையும் தாங்கிய அக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. மாமா மறுபடி குடிக்கவும் ஆரம்பித்துவிட்டார், முன்னைவிட அதிகமாக. "சாமிமேல சத்தியம் பண்ணி நானாத்தான் விட்டேன். அதையும் நம்பாம சோத்துல கலந்துட்டீங்களே" என்று என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆடி கடைசியில் அந்த டூட்டி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு திருச்சி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு மூவருமாகப் போனோம். அங்கே இருந்த டாக்டர் மாமாவைத் தனியாகவும் அக்காவைத் தனியாகவும் அப்புறம் இருவரையும் சேர்த்தும் உட்காரவைத்துப் பேசினார். ஈரல், இதயம் எல்லாம் பரிசோதித்த பிறகு இதே டைசல்பிரத்தைத்தான் எழுதினார். இந்த முறை மாமாவின் கையிலேயே சீட்டைக் கொடுத்து, என்ன செய்யும், என்ன செய்யாது, எதையெல்லாம் தொடக்கூடாது என்று அவருக்கே விளக்கினார். மருந்தின் பெயரும் எச்சரிக்கையும் எழுதிய அட்டை ஒன்றை சட்டைப்பையில் எப்போதும் வைத்துக்கொள்ளச் சொன்னார். தினம் காலையில் பல் விளக்கியதும் மாமா திண்ணையில் உட்காருவார். அக்கா சொம்பில் தண்ணீர் கொண்டுவருவாள். அட்டையைப் பிதுக்கி மாத்திரையை எடுப்பது மாமா. அவர் விழுங்குகிறவரை அக்கா நிற்பாள். ஒன்றரை வருடம் இப்படி நடந்தது. நடுவில் இரண்டுமுறை மாத்திரையை விட்டுவிட்டுக் குடித்தார், மறைக்காமல் டாக்டரிடம் சொன்னார், மறுபடி தொடங்கினார். மாத்திரை நின்று பல வருடமாகிவிட்டது, குடியும் இல்லை. தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அக்கா வீட்டில் இன்றுவரை தேங்காய்ச் சட்னி அரைப்பதில்லை. தக்காளிதான்.

இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுது மாப்ளே. நானே வாங்கிப் போட்டுத்தான் விட்டேன்னு எழுது" என்றார்.

ஆசிரியர் அவர்களே, குறிப்பு எழுதிய சகோதரியைக் குறை சொல்லவில்லை. என் அக்காவைப்போலவே அவருக்கும் வேறு வழி யாரும் காட்டியிருக்கமாட்டார்கள். வழி இருக்கிறது. 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். 14416 மனநல ஆலோசனைக்கான எண், தமிழிலேயே பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. குடிக்கிறவர்தான் கூப்பிடவேண்டும் என்பதும் இல்லை, மனைவி கூப்பிடலாம், பிள்ளை கூப்பிடலாம். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. குடிக்கிறவரோடு குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்து வைத்தியம் பார்ப்பது அவர்கள் வழக்கம். தன் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்று ஒரு பெண் நினைத்ததால் வந்த இடம் அது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை வந்த அந்த இரண்டு பெண்களுக்கும் மாத்திரை கொடுக்கவில்லை. ஒருவரை உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்து என் போனிலிருந்தே 14446க்குப் போட்டுக்கொடுத்தேன். இருபது நிமிடம் பேசினார். இன்னொருவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஆன்லைனில் பெயரே இல்லாத பொடி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பொடிகளில் என்ன கலக்கிறார்கள் என்று எந்த டாக்டராலும் பார்த்துச் சொல்ல முடியாது. பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறவரின் மனைவியிடம் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் அவரால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாது. உங்கள் வரிவிளம்பரப் பக்கத்திலும் "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்று அப்படிப்பட்ட பொடிகள் இரண்டு வருகின்றன. இந்த வாரமும் பார்த்தேன்.

எனவே மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குறிப்பு தவறானது என்று வரும் ஞாயிறு இணைப்பிலேயே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். கீழே அந்த இரண்டு எண்களையும் பெரிதாகப் போடுங்கள். அந்த வரிவிளம்பரங்களை இனி வாங்காதீர்கள். என் கடிதம் முழுவதையும் போட இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை ஆபத்து உண்டு என்பதையும், ஆஸ்பத்திரியில் கேட்டால் ஒளிக்காமல் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதையும் மட்டும் வெட்டிவிடாதீர்கள். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு இந்த வாரமே கலக்க ஆரம்பித்தவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
முசிறி.